மலக் கசிவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: வயதானால் அப்படித்தான், மருத்துவரிடம் சொல்லிப் பயனில்லை.

உண்மை: வயது ஏற ஏறக் கசிவு கூடுகிறது, ஆனால் முதுமை மட்டுமே காரணம் அன்று. ஆசனவாயின் உட்புறச் சுருக்குத்தசை தானாகவே மூடியிருக்கும். வெளிப்புறத் தசையை நாமே இறுக்கிக்கொள்ளலாம். தசையோ அதன் நரம்போ பழுதுபட்டால் கட்டுப்பாடு தளரும். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில் கிழிந்த தசை பல ஆண்டுகள் கழித்தே தொல்லை தருவதுண்டு. நீண்டகால நீரிழிவு, பௌத்திர அறுவை, இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு ஆகியவையும் காரணங்கள். தன்னையறியாமல் கசிகிறதா, அவசரம் வந்தபின் கழிப்பறை வரை தாங்கவில்லையா என்று மருத்துவரிடம் பிரித்துச் சொல்வது நல்லது. முன்னது பெரும்பாலும் உட்தசைக் கோளாறு, பின்னது வெளித்தசைக் கோளாறு. ‘வயிறு சரியில்லை’ என்று மழுப்பினால் கிடைப்பது வயிற்றுக்கான மாத்திரைதான்.

நம்பிக்கை: கசிவு என்றால் பேதி, நிறுத்த மாத்திரை போதும்.

உண்மை: படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களிடம் பல நேரம் நிலைமை நேர்மாறு. மலக்குடலில் இறுகிய மலம் அடைத்துக்கொள்ள, மேலிருந்து வரும் நீர்த்த மலம் அதைச் சுற்றி வழிகிறது. பார்ப்பவருக்கு அது பேதியாகத் தெரியும். இந்நிலையில் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கொடுத்தால் அடைப்பு மேலும் இறுகும். மருத்துவர் விரல்விட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் விஷயம் புரிந்துவிடும். அடைப்பை இளக்கி வெளியேற்றுவதே முதல் வேலை. உண்மையிலேயே மலம் இளகிப் போகிறவர்களுக்கு அதே லோபரமைடு, உரிய அளவில், நல்ல மருந்து.

நம்பிக்கை: பட்டினி கிடந்தால் கசியாது.

உண்மை: உடல் நலிவதுதான் மிச்சம். காபியைக் குறைப்பது, மருத்துவர் சொன்னால் இசப்கோல் சேர்ப்பது, சாப்பிட்டபின் கழிப்பறையில் உட்காரும் பழக்கம் ஆகியவை உதவும்.

நம்பிக்கை: கடைசியில் ஆபரேஷன்தான்.

உண்மை: இடுப்புத்தளத் தசைப் பயிற்சியாலும், தசை இறுகுவதைத் திரையில் காட்டிப் பழக்கும் பயோஃபீட்பேக்காலும் பலர் தேறுகிறார்கள், பலன் தெரிய வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அவை போதாதபோது அல்ட்ராசவுண்டில் கிழிசலைப் பார்த்துத் தசையைத் தைக்கலாம். கீழ்முதுகு நரம்பைத் தூண்டும் கருவி பொருத்தலாம். இதை இந்நோய்க்கு அமெரிக்கா 2011இல் அனுமதித்தது.

மலத்தில் இரத்தமோ காரணமற்ற எடை இழப்போ இருந்தால் தள்ளிப்போடாமல் பரிசோதிக்க வேண்டும். முதுகுவலியோடு தொடைகளுக்கு இடையே மரத்துப்போய், சிறுநீரும் பிரியாமல், திடீரெனக் கசிந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.