ஊஸ் நதிக்கரையில் ஒரு சிறைச்சாலை



இம்மாதம் இங்கிலாந்திலுள்ள பெட்போர்டு நகரைக் குறித்துப் படிப்போம். நார்தாம்ப்டன்ஷயரில் உற்பத்தியாகும் கிரேட் ஊஸ் நதி இவ்வூரின் நடுவே ஓடி, கிங்ஸ் லின் அருகே கடலில் கலக்கிறது. ஆற்றை மக்கள் நடந்து கடந்த துறையே ஊராயிற்று; ‘போர்டு’ என்பதற்கு ஆற்றைக் கடக்கும் துறை என்றே பொருள். இன்றுள்ள கற்பாலம் 1813இல் கட்டப்பட்டது.

பாலத்தைத் தாண்டியதும் வடகரையில் ‘ஸ்வான்’ விடுதி இருக்கிறது. அதன் பழைய கட்டடத்தில்தான் 1661இல் எலிசபெத் என்னும் ஏழைப் பெண் நீதிபதிகளின் முன் நின்றாள். அவள் கணவர் ஜான் பனியன், பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660இல் சிறைப்பட்டவர். தன் பராமரிப்பில் நான்கு சிறு பிள்ளைகள் உண்டு, அவர்களில் ஒருத்தி பார்வையற்றவள், நல்லோரின் தருமத்தாலேயே பிழைக்கிறோம் என்று அவள் மன்றாடினாள். விடுதலை கிடைக்கவில்லை. பனியன் சிறையில் காலணி நாடாக்கள் செய்து குடும்பத்துக்கு உதவினார். 1672இல்தான் விடுதலையானார். 1678இல் அவருடைய ‘மோட்சப் பிரயாணம்’ வெளிவந்தது. அதைத் தழுவியே நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடி 1894இல் வெளியிட்டார்.

விடுதியிலிருந்து சற்று வடக்கே, சில்வர் தெரு முனையில் அந்தச் சிறை இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1773இல், அம்மாவட்டத்தின் ஷெரீப்பான ஜான் ஹோவர்ட் அதே சிறைக்குள் சென்றார். நிரபராதிகள் என்று தீர்ப்புப் பெற்றவர்களும் உள்ளே கிடந்தார்கள். காரணம், சிறைக்காவலருக்குச் சம்பளம் இல்லை. கைதிகள் தரும் கட்டணமே வருமானம். கட்டணம் செலுத்த முடியாதவருக்கு விடுதலையும் இல்லை. காவலருக்குச் சம்பளம் கொடுக்கும்படி ஹோவர்ட் கேட்டார். அதற்கு முன்மாதிரி உண்டா என்றார்கள் அதிகாரிகள். முன்மாதிரி தேடி அண்டை மாவட்டங்களுக்குப் போனவர், எங்கும் அதே அநியாயத்தையும் காய்ச்சலையும் கண்டார்.

1774இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. விடுதலையானவரைக் கட்டணத்துக்காகத் தடுத்து வைப்பது தடைசெய்யப்பட்டது. சிறைச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், நோயாளிகளுக்குத் தனி அறை ஒதுக்கவும் உத்தரவாயிற்று. ஹோவர்ட் தம் ஆய்வை நிறுத்தவில்லை. 1790இல் கெர்சான் நகரில் காய்ச்சலால் மரித்தார்.

பழைய சிறை 1801இல் இடிக்கப்பட்டது. இன்று பெட்போர்டில் இருவருக்கும் சிலைகள் உண்டு. ஒருவர் அந்தச் சிறையில் பாடுபட்டார். மற்றவர் அங்கே ஏன் இத்தனை பாடு என்று விசாரித்தார். எலிசபெத்தின் பிள்ளைகளைப் போஷித்தவர்களின் பெயர்களோ எந்தக் கல்லிலும் இல்லை. ஆயினும் அவர்கள் கொடுத்த உணவால் அந்தக் குடும்பம் பிழைத்தது.

சிந்திக்க: எபிரெயர் 13:3ஐ வாசியுங்கள். நம் ஊரில், கட்டணம் செலுத்த வழியில்லாமல் வாசலிலேயே நிற்பவர் யார்?