சொல்லைப் பிரித்தால் பொருள் தெரியுமா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது பி.எஸ்ஸி. நர்சிங் முதலாண்டு. தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் வந்து போகிறேன். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைத் தாண்டுவதற்குள் பல தடவை அகராதியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனப்பாடம் செய்தாலும் மறந்துபோகிறது. சொல்லைப் பிரித்துப் படித்தால் அர்த்தம் தானாக வரும் என்கிறார் சீனியர் அக்கா. நம்பலாமா?

பதில்: நம்பலாம். மருத்துவ ஆங்கிலத்துக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால், அந்த வழி எங்கே கைவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரிப்பது உங்களுக்குப் புதிதல்ல. பள்ளியில் 'நடந்தனன்' என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்து எழுதியவர்தானே? அதே வேலைதான். ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்ச் சொல் பகுதியில் தொடங்கிப் பின்பக்கமாகவே வளரும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளின் இந்த இயல்பை எடுத்துக்காட்டியிருக்கிறார். அநீதி, உபநதி என்று முன்னால் ஒட்டுபவை வடமொழி வழியாக வந்தவை. மருத்துவச் சொற்களோ பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் வேர்களால் ஆனவை. அவற்றில் முன்னொட்டுக்கும் சம பங்கு உண்டு. பின்பக்கத்தையே பார்த்துப் பழகிய நாம் முன்பக்கத்தைக் கோட்டை விடுகிறோம்.

நர்ஸ் அதைக் கோட்டை விடக் கூடாது. ஹைப்பர் என்றால் மிகுதி, ஹைப்போ என்றால் குறைவு. ஹைப்பர்கிளைசீமியா, ரத்தத்தில் சர்க்கரை கூடிய நிலை. ஹைப்போகிளைசீமியா, இறங்கிய நிலை. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பவருக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். போனில் யாராவது சொன்னால், "சுகர் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்று தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்.

வேர்கள் எளிது. இதயத்துக்கு கார்டி, கல்லீரலுக்கு ஹெபட், சிறுநீரகத்துக்கு நெஃப்ர், இரைப்பைக்கு காஸ்ட்ர். பின்னொட்டில் ஐட்டிஸ் வந்தால் அழற்சி. பெரி என்றால் சுற்றி. ஆக பெரிகார்டைட்டிஸ், இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் அழற்சி. அகராதி தேவைப்படவில்லை, பாருங்கள். எக்டமி வந்தால் வெட்டி எடுப்பது, ஆஸ்டமி வந்தால் திறப்பு அமைப்பது. கொலெக்டமியில் பெருங்குடலை எடுக்கிறார்கள். கொலாஸ்டமியில் மலம் வெளியேற வயிற்றில் வழி வைக்கிறார்கள். இரண்டு நோயாளிகளையும் கவனிக்கும் விதமே வேறு.

இனி, கைவிடும் இடம். அனீமியாவைப் பிரித்தால் 'ரத்தமே இல்லை' என்று வரும். உண்மையில் அது ஹீமோகுளோபின் குறைந்த நிலை. உங்கள் ஊர்ப் பெயரில் சமுத்திரம் இருக்கிறது, கடலா இருக்கிறது? வேர் காட்டுவது திசையை. பொருளை முடிவு செய்வது வழக்கு.

இன்னொன்று, வார்டில் தினமும் கையாளும் ஸ்பிரிட்டைப் பற்றியது. எரியும் பொருள்கள் மேல் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதுண்டு. 'இன்' என்றால் இல்லை என்று படித்தவர், தீப்பற்றாது என்று நினைத்துவிடுவார். அது எளிதில் தீப்பற்றும் என்ற எச்சரிக்கை! இங்கே 'இன்' எதிர்மறை அல்ல, உள்ளே என்ற பொருளில் வந்த வேறு ஒட்டு. அழற்சியைக் குறிக்கும் 'இன்ஃப்ளமேஷன்' இதன் உடன்பிறப்பு. தமிழிலும் அழல் என்றால் நெருப்புதான். இப்படி இரண்டு மொழியையும் சேர்த்துப் பார்த்த சொல் எளிதில் மறக்காது.

கடையில் விற்கும் பட்டியலை வாங்கி மொத்தமாக நெட்டுரு போடாதீர்கள். வகுப்பில் எந்த உறுப்பு நடக்கிறதோ அதன் வேரை நோட்டில் எழுதி, அதில் கிளைத்த சொற்களைக் கீழே சேருங்கள். ஒவ்வொன்றோடும் பாடப்புத்தகத்து வாக்கியம் ஒன்றையும் முழுதாக எழுதுங்கள். பிரித்துக் கண்ட பொருள் அந்த வாக்கியத்தில் பொருந்தவில்லை என்றால் மட்டும் அகராதியைத் திறங்கள்.