குட்டியை விடுங்கள், தாயின் தட்டைப் பாருங்கள்

செல்லப்பிராணி கேள்வி - பதில்
பதில் சொல்பவர்: நம் கால்நடை மருத்துவர்

கேள்வி: டாக்டர், ஐப்பசி மழையில் எங்கள் தெருமுனையில் பைக் இடித்துக் கால் உடைந்து கிடந்த ஒரு பெண் நாயை வீட்டுக்குத் தூக்கி வந்து கட்டுப் போட்டு வைத்திருந்தோம். ராணி என்று பேர் வைத்தோம். வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைப்பதால் உடம்பு தேறுகிறது என்றுதான் நினைத்தோம். போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மாடிப்படிக்கு அடியில் ஏழு குட்டி போட்டிருக்கிறது! வந்த நாளிலிருந்து கேட்டைத் தாண்டவே விடவில்லை, எப்படி என்றே தெரியவில்லை. இரண்டு கறுப்பு, மூன்று செவலை, இரண்டு புள்ளி. குட்டியைத் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா பசும்பால் புகட்டச் சொல்கிறார். கண் திறந்ததும் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். புள்ளிக் குட்டி ஒன்று மட்டும் சின்னதாக, ஓரமாகக் கிடந்து முனகிக்கொண்டே இருக்கிறது. எங்களுக்கு நாய் வளர்த்துப் பழக்கமே இல்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, இதழ் அச்சாகி வரும்வரை புள்ளிக் குட்டி காத்திருக்காது என்பதால் உங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். மார்கழி, தை மாதங்களில் இதே கடிதம் ஊர் பேரை மட்டும் மாற்றிக்கொண்டு எனக்கு வந்தபடி இருக்கும். நம் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி இணைசேர்ந்து பனிக்காலத்தில் குட்டி போடுபவை. நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஐப்பசியில் நீங்கள் தூக்கி வந்தபோதே ராணியின் வயிற்றில் குட்டி இருந்திருக்கிறது. உங்கள் கேட்டின் மேல் குற்றமில்லை. நிறம் ஏன் இத்தனை விதம் என்றால், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு அப்பா வேறு வேறாக இருக்கலாம்.

ஓரமாகக் கிடக்கும் குட்டியிடமிருந்து தொடங்குகிறேன். பிறந்த முதல் வாரத்தில் நாய்க்குட்டிக்குக் குளிரில் நடுங்கக்கூட வராது. தாயின் உடம்புச் சூடும் கூடப்பிறந்தவற்றின் சூடும்தான் அதன் கம்பளி. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு சுண்டு விரலை அதன் வாய்க்குள் வையுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, நாக்கைக் குழித்து விரலை இழுத்துச் சப்பினால் பயமில்லை. பின்னங்கால் பக்கத்துக் காம்புகளில் பொதுவாகப் பால் அதிகம். கொழுத்த குட்டிகளை ஐந்து நிமிடம் விலக்கிவிட்டு அதை அங்கே பிடித்துவிடுங்கள். வாய் சில்லென்று இருந்து விரலையும் சப்பவில்லை என்றால் ஒரு சொட்டுப் பால்கூட ஊட்டாதீர்கள். உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் அப்படியே தேங்கும், அல்லது நுரையீரலுக்குப் போகும். பரிதாபப்பட்டு ஊட்டிய பாலாலேயே செத்த குட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் சூடு. சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் மெதுவாகச் சூடேற்றுங்கள். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் வேண்டாம். குட்டி அசைந்து, வாயைத் திறந்து தேடத் தொடங்கியதும் தாயிடம் விடலாம். அப்படியும் தேறவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

சமையலறைத் தராசு இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் ஏழையும் நிறுத்து எழுதி வையுங்கள். அடையாளத்துக்குக் கழுத்தில் நூல் கட்ட வேண்டாம், இறுகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காலில், ஒரு நகத்தில் நெயில் பாலிஷ் தொட்டுவையுங்கள். பிறந்த எடை ஏழிலிருந்து பத்து நாளுக்குள் இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றால் கவனிக்க வேண்டும்; குறைந்தால் கவலைப்பட வேண்டும். குட்டி கத்துகிறதா, தூங்குகிறதா என்று பார்ப்பதைவிட இந்த நோட்டுப் புத்தகம் உண்மையைச் சொல்லும்.

மற்ற ஆறையும் அவற்றின் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். குட்டிக்கு என்ன கொடுப்பது என்று கேட்டுத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். தாய்க்கு என்ன போடுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், நாங்கள் சாப்பிட்டதில் மிச்சம் என்று பதில் வரும். ஏழு குட்டிக்குப் பால் கொடுக்கும் நாய்க்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் வழக்கமான தீனியைப்போல் மூன்று மடங்குவரை தேவைப்படும். மிஞ்சிய சாம்பார் சோறு அதற்குப் போதாது. அதிலுள்ள வெங்காயம் வேறு நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உப்புக் காரமில்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறி, அதே தண்ணீரில் குழைத்த சோறு, அவித்த முட்டை, இடையிடையே கொஞ்சம் ஈரல், தயிர் என்று நாளுக்கு நான்கு வேளை வையுங்கள். கைக்கு வசதி இருந்தால் குட்டி நாய்க்கென்று விற்கும் தீவனத்தை ஊறவைத்து இதோடு சேர்க்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கு அது பொருத்தமான தீனி. வெந்த எலும்பு போடாதீர்கள், கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். முதல் சில நாள் குட்டிகளை விட்டு எழுந்து வரவே மனசிருக்காது, தட்டையும் தண்ணீரையும் அதன் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் குட்டி உருண்டு விழாத இடத்தில் இருக்கட்டும்.

கால்சியம் சிரப்பை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம். சினையாக இருக்கும்போது வேண்டாத கால்சியம் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் உடம்பின் சொந்த ஏற்பாடு மந்தமாகிவிடும். பால் பெருகும் நேரத்தில் திண்டாடும். குட்டி போட்டு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ராணி காரணமில்லாமல் மூச்சிரைத்து, நிலைகொள்ளாமல் அலைந்து, கால் விறைத்து, உடம்பு வெடவெடத்தால் அது கால்சியக் குறைவு. நடு ராத்திரியானாலும் ஆட்டோ பிடியுங்கள். நரம்பு வழியாக மெதுவாக மருந்து ஏற்றினால் கண்ணெதிரே தேறும். விட்டால் வலிப்பு வந்து உயிர் போய்விடும். தினமும் காம்புகளைத் தடவிப் பாருங்கள்: எங்காவது கல்லுபோல் கட்டி, சூடு, சிவப்பு இருந்தால் மடி வீக்கம். மூன்று வாரம்வரை பிறப்புறுப்பில் பழுப்பாகக் கொஞ்சம் கசிவு போவது இயல்பு. நாற்றமடித்தால், காய்ச்சல் இருந்தால், சாப்பிட மறுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பழுப்பு நின்ற பிறகும் சிவப்பாகச் சொட்டிக்கொண்டே இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தெருநாய்களுக்கு இணைசேரும்போது ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும் ஒரு புற்றுக்கட்டி உண்டு. குணமாகக் கூடியதுதான், ஊசி இருக்கிறது. ஆனால் பால் கொடுக்கும்போது அந்த ஊசியைப் போடக்கூடாது, எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இடம். மாடிப்படிக்கு அடியிலேயே இருக்கட்டும். அது தானே தேர்ந்தெடுத்த இடம். மாற்றினால் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு திரும்ப அங்கேயே வரும். தரையில் கனமான அட்டை, மேலே செய்தித்தாள், அதன்மேல் பழைய நூல் சேலை. மார்கழிக் குளிருக்கு ஒரு மூலையில் மட்டும் அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பைக் குட்டிக்கும் தாய்க்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. முதல் வாரம் அந்த மூலையில் 30 டிகிரி அளவில் இருந்தால் சரி. சூடு அதிகமானால் குட்டிகள் நகர்ந்து போக மறு மூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர். தனித்தனியாகச் சிதறி வாய் பிளந்து கிடந்தால் வெக்கை.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத எதிரி ஒன்று நம் வீடுகளில் உண்டு: எறும்பு. பிரசவத்து ஈரத்துக்கும் சிந்திய பாலுக்கும் வரிசை கட்டி வந்து, கண் திறக்காத குட்டியின் தொப்புளையும் கண்ணோரத்தையும் அரித்துவிடும். எறும்புச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், தாய் நக்கும். ஈரமான துணியை உடனுக்குடன் மாற்றி, தாயின் மிச்சத் தட்டை எடுத்துவிட்டாலே பாதி ஓய்ந்துவிடும். வரிசை நிற்கவில்லை என்றால் அட்டையைக் கால் வைத்த ஒரு பலகையின்மேல் ஏற்றி, நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ராத்திரியில் பெருச்சாளி வராமல் படிக்கட்டின் வாயை அடையுங்கள், ராணி போய்வர வழி விட்டு.

மாமியாருக்கு: மனித வாடை பட்டதற்காக நாய் குட்டியை ஒதுக்காது. ஆனால் தெருச் சிறுவர்கள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்தால் பயந்து இடம் மாற்றும், கடிக்கவும் செய்யும். வீட்டில் ஒரே ஆள் மட்டும், உட்கார்ந்தபடி, பேசிக்கொண்டே கிட்டே போங்கள். ராணிக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மருத்துவரை வீட்டுக்கு அழைத்துப் போட்டுவிடுங்கள், பால் கொடுக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். அதுவரை யாரையாவது கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். குட்டியின் பல் பட்டாலும் இதேதான். குட்டிதானே என்று விட்டு உயிரை விட்டவர்கள் உண்டு.

பூச்சி மருந்து 2, 4, 6, 8-ஆவது வாரங்களில், ஒவ்வொரு முறையும் தாய்க்கும் சேர்த்து. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடுகிறது, கொக்கிப் புழு பால் வழியாகப் போகிறது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இது உங்களுக்கும் பாதுகாப்பு. உண்ணியைக் கையுறை போட்டுக் கையால் எடுங்கள். பெரிய நாய்க்கான உண்ணி மருந்தைக் குட்டிமேல் தெளித்துவிடாதீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, இடைவெளி விட்டு 16 வாரம்வரை போகும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

வீட்டுக்காரருக்கு: மார்க்கெட்டில் விடுவது என்பது வேறு வார்த்தையில் சொன்ன கொலை. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இனப்பெருக்க வயதை எட்டியவை 100-க்கு 19 மட்டுமே. இறந்தவற்றில் பாதிக்கும் மேல் மனிதர்களால். அவையாவது தாயோடு இருந்த குட்டிகள். கண் திறப்பது பத்திலிருந்து 14 நாளில். அப்போது பிரித்தால் சோறு தின்னக்கூடத் தெரியாது. எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும், பிறகு வீடு தேடலாம்.

கேள்வி: எங்கள் தெருவில் குட்டி போட்ட நாய் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டது. நான்கு குட்டிகள், பத்து நாள் இருக்கும். பசும்பாலை ஃபீடிங் பாட்டிலில் கொடுக்கிறேன். கழிச்சல் நிற்கவில்லை. ஒன்றுக்கு மூக்கில் பால் வருகிறது.
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, நீங்கள் குழந்தையை மடியில் போடுவதுபோல் மல்லாக்கப் போட்டு ஊட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். குட்டி குப்புறக் கிடந்துதான் பால் குடிக்கும். துண்டின்மேல் வயிறு படும்படி வைத்து, தலை இயல்பாக நிமிர்ந்திருக்கும்போது காம்பைக் கொடுங்கள், நீங்களாகப் பீய்ச்ச வேண்டாம். மூக்கில் பால் வந்த குட்டிக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கலாம். அதை இன்றே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பால் சர்க்கரை குறைவு. அதனால்தான் பசும்பாலில் பசியும் அடங்காமல் கழிச்சலும் வருகிறது. நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடரை வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஒரு வேளை ஆட்டுப்பாலில் முட்டை மஞ்சள் கரு கலந்து ஓட்டலாம், வழக்கமாக்க வேண்டாம். இந்த வயதுக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து. ஊட்டி முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் தடவிவிடுங்கள். மூன்று வாரம்வரை தாய் நக்கிவிட்டால்தான் அவற்றுக்குச் சிறுநீரும் மலமும் போகும். இதைச் செய்யாமல் பால் மட்டும் ஊட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

பக்கத்தில் வேறு நாய் குட்டி போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். அதன் குட்டிகள் படுத்த துணியில் உங்கள் குட்டிகளைத் துடைத்து நடுவில் விட்டுப் பார்த்தால், பல நாட்டு நாய்கள் ஏற்றுக்கொள்ளும். முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி: தூக்கி வளர்த்த நாய்க்கு ஐந்து குட்டி. இரண்டு ஆண் குட்டிகளை உடனே கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். மூன்று பெட்டைக் குட்டிகளை யாரும் சீந்தவில்லை. தாய்க்கு எப்போது ஆபரேஷன் செய்யலாம்?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: பெட்டை என்றால் வாசலில் ஆண் நாய்கள் கூடும், குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்பதுதான் மறுப்பவர்களின் பயம். பயம் நியாயமானது. தீர்வு அறுவை சிகிச்சை. அதனால் தத்துக் கேட்கிறவர்களிடம் குட்டியின் அழகைப் பற்றிப் பேசாமல், "ஆறு மாதத்தில் கருத்தடைக்கு நானே கூட்டிப்போகிறேன், செலவும் என்னுடையது" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறும். தெருநாய்க்குக் கருத்தடைதான் வழி என்று சென்னை புளூ கிராஸ் 1964 முதல் சொல்லி வந்தது. மாநகராட்சி காதில் வாங்க 1996 ஆயிற்று. இப்போது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கித் தனியார் வரை செய்கிறார்கள், விசாரித்து வையுங்கள்.

தாய்க்கு, குட்டிகள் பால் மறந்து மடி முழுக்க வற்றிய பிறகு, அதாவது குட்டி போட்டு எட்டிலிருந்து பத்து வாரம் கழித்து. மடி வற்றாமல் செய்தால் தையல் போடும் இடத்தில் தொந்தரவு. ரொம்பத் தள்ளினால் அடுத்த பருவம் வந்துவிடும், அதுவரை கேட்டைப் பூட்டியே வையுங்கள். குட்டி கேட்டு வருகிறவர்களுக்கு முதல் நாளே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டுக்கு நீங்கள் ஒரு நடை போய்வாருங்கள்: வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறாரா, குட்டியைக் கட்டப்போவது மொட்டை மாடியிலா, பகலில் யார் இருப்பார்கள் என்று பாருங்கள். மொட்டை மாடி என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள்.