வளைந்த முதுகில் மரப்பு ஊசி: போலியோ கண்டவர்கள் அறிய வேண்டியவை

இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். ஆயினும் இளம் வயதில் அந்நோய்க்கு ஆளானவர்கள் இன்று நடுவயதிலும் முதுமையிலும் உள்ளனர். இடுப்பெலும்பு முறிவு, குடலிறக்கம், மகப்பேறு என அவர்களுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. அப்போது எழும் முதல் அச்சம், "போலியோ வந்த உடம்பில் முதுகு ஊசி போட்டால் இருக்கும் பலமும் போய்விடுமோ?" என்பதே.

இந்த அச்சம் நெடுங்காலம் மருத்துவர்களிடமும் இருந்தது. ஆனால் மரப்பு ஊசியால் பழைய பலவீனம் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாறாக, முழு மயக்கத்திலும் இடர்கள் உண்டு. முதுகு வளைந்தவர்களின் நுரையீரலுக்கு விரிய இடம் குறைவு. சுவாசத் தசைகளும் தளர்ந்திருக்கலாம். தூக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் சிறிய அளவிலேயே மிகுதியாக வேலை செய்யக்கூடும். எனவே இடுப்புக்குக் கீழான சிகிச்சைகளில் மயக்கவியல் மருத்துவர் பலமுறை முதுகு ஊசியையே விரும்புகிறார்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. பெரியவர்களின் தண்டுவடம் பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழுள்ள இடைவெளியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, நரம்புகளைச் சூழ்ந்த திரவத்தில் மருந்து இடப்படுகிறது. வளைந்த முதுகிலோ எலும்புகள் பக்கவாட்டில் சாய்வதோடு திருகியும் கொள்கின்றன. தோலின் நடுக்கோட்டில் குத்தினால் ஊசி எலும்பில் முட்டும். ஆகவே வளைவின் குவிந்த பக்கத்தை நோக்கி ஊசியைத் திருப்ப வேண்டியிருக்கும். பழைய எக்ஸ்ரே படமும் அல்ட்ராசவுண்டு கருவியும் இங்கே பெரிதும் உதவும். ஒரு கால் சூம்பியவர் அமரும்போது இடுப்பு ஒருபுறம் சரியும். அப்பக்கம் மடித்த துணியை வைத்துச் சமன் செய்தாலே வேலை பாதி எளிதாகிவிடுவதுண்டு. இரண்டு மூன்று முறை முயன்றால் மருத்துவர் தடுமாறுகிறார் என்று கலங்க வேண்டாம்.

மருந்து வளைவின் பள்ளத்தில் தேங்கி, ஒரு பக்கம் நன்கு மரத்து மறுபக்கம் குறைவாக மரப்பதும் உண்டு. போலியோ தசையை இயக்கும் நரம்புகளையே தாக்கும். உணர்வு முழுமையாக இருக்கும். சூம்பிய காலுக்கும் வலி தெரியும். ஆகவே மருத்துவர் தொட்டுக் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வாழ்நாள் முழுதும் பொறுத்துப் பழகியவர்கள் இதையும் பொறுத்துக்கொள்கிறார்கள், அது வேண்டாம். மரப்பு போதவில்லையெனில் வேறு வழிகள் உண்டு.

சிகிச்சைக்கு முன்பே எந்தத் தசை எவ்வளவு பலவீனம் என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னர் ஏதேனும் மாற்றம் தோன்றினால் ஒப்பிட அதுவே ஆதாரம். முதுகில் கம்பி பொருத்தியிருந்தாலும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொண்டாலும், இரவில் மூச்சு முட்டினாலும் மறவாமல் தெரிவியுங்கள்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி இத்தனை ஆண்டுகள் நம்பி ஊன்றிய நல்ல காலும் சில மணி நேரம் மரத்திருக்கும். கழிப்பறைக்குச் செல்ல அவர் எழ முயன்றால் தடுத்து, செவிலியரை அழையுங்கள். காலிப்பரையும் காலணியையும் வீட்டில் விட்டுவராதீர்கள். முதல் முறை எழுந்து நிற்கும்போது அவை கட்டிலருகே இருக்க வேண்டும்.