இலையுதிர்காலக் கைவேலை: முதியவர்களுக்கு எது பொருந்தும்?

செப்டம்பர் பாதியிலேயே அமெரிக்க, கனடியக் கடைகள் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும். முதியோர் மையங்களில் அக்டோபர் முழுக்க ஹாலோவீன் கைவேலைதான். வீட்டில் அம்மாவோ மாமனாரோ இருந்தால் அவர்களுக்கும் ஏதாவது செய்யக் கொடுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் பலர் அவசரப்பட்டு, சிறுபிள்ளைகளுக்கான காகித வௌவால் பெட்டியை வாங்கிவந்து எழுபத்தைந்து வயதுக்காரர் முன்னால் வைத்துவிடுகிறார்கள். ஆயுள் முழுக்கத் தைத்தும் கணக்கெழுதியும் பழகிய கைகளுக்கு அது மரியாதை ஆகாது. செய்து முடித்த பொருளை வாசலில் வைக்க வேண்டும், வருகிறவர்கள் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வேலையாகத் தேர்ந்தெடுங்கள். கை, கண், நினைவு இந்த மூன்றில் எது தளர்ந்திருக்கிறது என்பதையும் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹாலோவீன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடைந்த பரங்கிக்காய். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்துப் பழகியவர்கள், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறியபின், பெரிதாகவும் குடைவதற்குச் சுலபமாகவும் கிடைத்த பரங்கிக்கு மாறிக்கொண்டார்கள். டர்னிப்போடு ஒப்பிட்டால்தான் அது சுலபம். தடித்த வழுக்குத் தோலில் கத்தியைக் குத்தி, அழுத்தி இழுக்க வேண்டும். பெருவிரல் மூட்டு தேய்ந்தவர்களால் இது ஆகாது. வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன வெட்டுப்பட்டாலும் இரத்தம் சட்டென்று நிற்காது. இவ்வளவு பாடுபட்டுக் குடைந்தாலும் ஒரு வாரத்திலேயே பூஞ்சை பிடித்துக் குழைய ஆரம்பித்துவிடும். ஆகவே முதியவர் கையில் குடைகத்தி வேண்டாம் என்பதே என் கருத்து. பேரப்பிள்ளைகளுக்காகப் பெற்றோர் குடையும்போது, தாத்தா முகத்தின் கோட்டைப் போட்டுக் கொடுக்கலாம். பாட்டி விதைகளை அலசி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி ஓவனில் வறுத்தெடுக்கலாம். தரையில் சிந்திய சதையை மட்டும் உடனுக்குடன் துடைத்துவிடுங்கள்.

குடையாமல் மேலே வண்ணம் தீட்டுவதுதான் நான் முதலில் பரிந்துரைப்பது. தோல் கிழியாத பரங்கி வாரக்கணக்கில் தாங்கும். கட்டடம் கட்டும் இடங்களில் மீசையும் கோரைப்பல்லுமாக வரைந்து தொங்கவிடும் திருஷ்டிப் பூசணியைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பரங்கியில் முகம் எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காம்பு கெட்டியாக இருக்கிற, அடி தட்டையான காயாகப் பொறுக்குங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்த இடத்திலிருந்துதான் பெரும்பாலும் அழுகல் தொடங்கும். தோலை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகு அக்ரிலிக் பெயின்ட் பூச வேண்டும். பழைய துண்டைச் சும்மாடு போலச் சுருட்டி அதன்மேல் காயை உட்கார்த்தினால் உருளாது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே வரைய வேண்டிய சிரமமும் இல்லை.

கோலம் போட்ட கைகளுக்கு இன்னொரு வழி. வரிப்பள்ளம் குறைவான, வழவழப்பான காயாக எடுத்து முழுக்கக் கறுப்பு அடித்துவிடுங்கள். காய்ந்ததும் வெள்ளையில் கோலம் போடச் சொல்லுங்கள். பள்ளம் ஆழமான காயில் புள்ளி வரிசை கோணும். கறுப்பின்மேல் வெள்ளை, ஆரஞ்சின்மேல் கறுப்பு போன்ற அழுத்தமான வேறுபாடு கண்புரை உள்ளவருக்கும் தெரியும். ஊதாவும் நீலமும் அடுத்தடுத்து வந்தால் குழம்பும். மேசை விளக்கொன்றைப் பக்கவாட்டில் வையுங்கள். கை நடுங்குகிறவர் தூரிகையை விட்டுவிட்டுப் பஞ்சுத் துண்டால் ஒற்றி எடுக்கட்டும், நடுக்கம் தெரியாது. விரல் மடங்காதவருக்கு, தண்ணீர்க் குழாய்களைச் சுற்றும் நுரை உறையில் ஒரு துண்டு நறுக்கித் தூரிகைக் காம்பில் மாட்டிக் கொடுங்கள். தடித்த பிடி கையில் நிற்கும்.

நடக்க முடிகிறவருக்கு இலை வேலை இன்னும் நல்லது. காசு செலவில்லை, வெளிக்காற்றும் கிடைக்கும். தென் ஒன்டாரியோவிலும் நியூ இங்கிலாந்திலும் அக்டோபர் முற்பகுதியிலிருந்து நடுப்பகுதி வரை மேப்பிள் சிவக்கும். தெற்கே போகப் போகத் தள்ளிப்போகும். பச்சையம் சிதையும்போது இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சிவப்போ அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் இருந்தால் பேத்திக்கு இதைச் சொல்லிக்கொண்டே பொறுக்குவார். உலர்ந்த நாளில் மட்டும் போங்கள், நடைபாதையில் நனைந்த இலை வழுக்கிவிடும். மரத்தில் ஏறும் கொடியிலோ புதரிலோ மும்மூன்றாகச் சிவந்திருக்கும் இலையைத் தொடவே வேண்டாம். அது பாய்சன் ஐவியாக இருக்கலாம். மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் சேர்ந்த குடும்பத்துச் செடி அது. மாங்காய்ப் பால் பட்டுப் புண்ணானதைப் பார்த்தவர்களுக்கு அதன் கடுமை புரியும். இலை காய்ந்த பிறகும் அதிலுள்ள, தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் போவதில்லை.

பொறுக்கிய இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவே பரப்பி, கனமான புத்தகங்களை ஏற்றி, இரண்டு நாளுக்கொருமுறை தாளை மாற்றினால் ஓரிரு வாரத்தில் தட்டையாகக் காய்ந்துவிடும். பிறகு கெட்டி அட்டையில் ஒட்டி வாழ்த்து அட்டை செய்யலாம், சட்டம் போட்டு மாட்டலாம். வெயில் படும் சுவர் வேண்டாம், சிவப்பு சீக்கிரம் பழுப்பேறிவிடும். காய்ந்த இலை நொறுங்கும் என்பதால் விரல்களுக்கு நிதானம் வேண்டும். கை நடுங்குகிறவருக்குப் பரங்கியே மேல்.

வாசற்கதவில் மாட்டும் வளையம் மூன்றாவது. திராட்சைக்கொடியில் முறுக்கிய வளையம் கைவேலைக் கடைகளில் தயாராகவே கிடைக்கிறது. அதில் சோளத்தட்டை, காய்ந்த பூ, சின்னச் சின்ன அலங்காரக் காய்களைக் கட்டுவார்கள். செலவு கூடுதல், ஒரே அமர்வில் முடியாது. ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து பேசிக்கொண்டே செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை, முதியோர் மையங்களுக்கு இதையே சொல்வேன். சூடான பசைத் துப்பாக்கியை ஒதுக்கிவிடுங்கள். குறைந்த சூட்டுத் துப்பாக்கியின் பசைகூட மெலிந்த தோலைப் பொசுக்கிவிடும். மெல்லிய கம்பியோ நூலோ போதும்; பூத்தொடுத்த விரல்கள் முடிச்சைத் தாமே போட்டுக்கொள்ளும். கட்டியது போக மீந்த அலங்காரக் காய்களைச் சமையலறைக்குள் விடாதீர்கள். கசப்பான அவை வயிற்றைக் கெடுக்கும்.

காகிதத் தோரணம் இடம் அடைக்காது, படுக்கையில் சாய்ந்தபடியே செய்யலாம். விட்டதும் தானே விரியும் ஸ்பிரிங் கத்தரிக்கோல் வாங்கினால் விரல் நோகாது. அவ்வளவுதான் அதில்.

மறதிநோய் உள்ளவர் என்றால் கணக்கே வேறு. எலும்புக்கூடு, ரத்தக்கறை, முகமூடி எல்லாவற்றையும் தவிர்த்து, இலை, காய், சோளம் என்று பருவத்தோடு நின்றுகொள்ளுங்கள். மணிகளும் ஒட்டுக்கண்களும் வாய்க்குள் போகக்கூடியவை. மின் அகல்விளக்கிலிருக்கும் பொத்தான் பேட்டரி விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து, திருகாணி போட்டு மூடியதாகப் பார்த்து வாங்குங்கள். ஆக்சிஜன் இயந்திரம் ஓடும் வீட்டில் எரியும் மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

அக்டோபர் 31 முடிந்தால் பேய் முகங்களை இறக்கிவிடுவார்கள். இலையும் வளையமும் அமெரிக்காவில் நவம்பர் நாலாம் வியாழன் வரும் நன்றியறிதல் நாள் வரை தாங்கும். கனடாவில் அந்த நாள் அக்டோபர் இரண்டாம் திங்களிலேயே வந்துவிடுவதால், அங்கே வளையத்தைச் செப்டம்பரிலேயே தொடங்குங்கள்.

எதுவும் கைகூடாதவர் என்று யாரையும் ஒதுக்காதீர்கள். அப்படிப்பட்டவரிடம் சின்னப் பரங்கி ஒன்றும் நீலப்பச்சை வண்ணமும் அகலத் தூரிகையும் கொடுங்கள். கோடு வேண்டாம், முகம் வேண்டாம், முழுக்க ஒரே நிறம் பூசினால் போதும். 2012இல் டென்னசியில் தொடங்கி, 2014இல் அமெரிக்கா முழுதும் பரவிய வழக்கம் இது: வாசலில் நீலப்பச்சைப் பரங்கி இருந்தால், உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுக்க அந்த வீட்டில் மிட்டாய்க்குப் பதில் பென்சிலோ ஸ்டிக்கரோ வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். இந்த ஆண்டு அப்படி ஒரு பரங்கியை உங்கள் வீட்டுப் பெரியவர் கையால் பூசவைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் பென்சிலும் வையுங்கள்.