தாத்தாவைப் பற்றி யாரிடம் கேட்பது?

அன்புள்ள பவானிக்கு,

தோல் ஷாப்பில் நாற்பது வருஷம் தரம் பிரித்த உன் தாத்தா இன்றும் ஒரு துண்டைத் தடவிப் பார்த்து வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுகிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் விழிக்கிறார். வீட்டில் "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள். இது நோயா மாமா என்று கேட்டிருக்கிறாய்.

இருக்கலாம். அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை முதலில் தாக்கும். தொழில் பழகிய கை வெகுநாள் தாக்குப்பிடிக்கும். கையை நம்பி ஏமாறாதே.

"வயசானா அப்படித்தான்" என்ற பேச்சு உங்கள் பக்கத்து ஆய்வு ஒன்றையே திணறடித்தது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதில்லை என்று 1998-இல் கொச்சியில் கூடிய ஒரு குழு, தனக்கு '10/66' என்றே பெயர் வைத்துக்கொண்டது. பல நாடுகளில் செய்த ஆய்வில், வேலூர்க் கிராமங்களில் 65 வயது தாண்டிய சுமார் 1,000 பேரைப் பார்த்தார்கள், அப்போது சி.எம்.சி. மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்த கே.எஸ். ஜேக்கப் அந்தக் குழுவில் ஒருவர். 2008-இல் வந்த முடிவு: அமெரிக்க மனநல அளவுகோலின்படி கியூபாவில் 6.3 சதவீதம் பேருக்கு மறதி நோய், இங்கே 0.3!

நம் மண்ணில் அந்த நோயே இல்லையா? அப்படியில்லை. மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறது என்று வீட்டார் சொன்னால்தான் அந்த அளவுகோலில் நோய். இங்கே மருமகள் சோறு பிசைந்து வைப்பாள், பேரன் பென்ஷன் வாங்கி வருவான். கெட்டது கண்ணில் படாது. குழு தானே உருவாக்கிய அளவுகோலில் பார்த்தபோது ஆய்வு நடந்த எந்த நாட்டிலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை.

ஆகவே "மறக்கிறாரா?" என்று கேட்காதே. போன வருஷம் தாத்தா தானே செய்தது, இப்போது நீங்கள் செய்து தருவது எது என்று கேள். தேதியோடு எழுதி வை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தலையில் அடி, சில தூக்க மாத்திரைகள் இவையும் மறதியைக் கொண்டுவரும், பலவற்றைச் சரிசெய்யலாம். காது கேட்கிறதா என்றும் பார்க்கவேண்டும். கேள்வியே காதில் விழாதவருக்கு நினைவுச் சோதனையில் மதிப்பெண் குறைவது பாவம்.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், முதலாளியிடம் உருது என்று வாழ்ந்தவர் தாத்தா. நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் எழுதினார்: ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தள்ளி வந்திருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும்கூட. தள்ளி வரும், வராமல் போகாது. வீட்டில் பேசுவது தெலுங்கு என்பதால் தாத்தாவுக்குத் தெலுங்கிலேயே சோதனை வைக்கச் சொல்.

டாக்டரிடம் போகும்போது உன் அம்மா கட்டாயம் கூட வரவேண்டும். கேள்வி கேட்டதும் உன் அப்பா முந்திக்கொள்வார். அவரை டீக்கடைக்கு அனுப்பிவிடு. தாத்தாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது என் அக்காதான்.

அன்புடன்,
மாமா