ரேடியோவுக்கு விலை கூடிய எடப்டர் தேவைதானா?

கண்டி டவுனுக்குப் போய்வரும் நம்ம ஆட்கள் சிலர், "விலை கூடின எடப்டர் போட்டா பாட்டு நல்லா கேக்குமாமே?" என்று விசாரிக்கிறார்கள். உழைத்த காசைக் கொடுக்குமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

லயத்துக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். அது செக்கனுக்கு 50 தரம் முன்னும் பின்னுமாக மாறி ஓடும். 4 பெட்டரி போடும் ரேடியோவுக்கு வேண்டியதோ 6 வோல்ட். அதுவும் ஒரே பக்கமாக ஓட வேண்டும். இப்படி மாற்றிக் கொடுப்பதுதான் எடப்டரின் வேலை. அரைகுறையாக மாற்றினால் "ம்ம்..." என்ற இரைச்சல் பாட்டோடு கலந்து வரும்.

முதலில் எடப்டரைக் கழற்றிவிட்டு, புது பெட்டரி போட்டு அதே நிலையத்தைக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் நல்ல எடப்டர் வாங்குவது வீண் செலவல்ல. நிற்காவிட்டால் கோளாறு வேறிடத்தில். ஸ்பீக்கர் கிழிந்திருக்கலாம். ஹந்தானைக் கோபுரத்துக்கும் உங்கள் லயத்துக்கும் நடுவே மலை மறைக்கலாம். அதற்கு எடப்டர் மருந்தில்லை. ஏரியலை நீட்டி, ரேடியோவை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். இரைச்சலே இல்லாத ரேடியோவுக்குப் புது எடப்டர் வேண்டியதே இல்லை.

வாங்கும்போது கவனிக்க:

1. வோல்ட் ரேடியோவில் எழுதியுள்ளபடியே இருக்க வேண்டும்.

2. அம்பியர் குறையக் கூடாது; கூடினால் பாதகமில்லை.

3. முனையின் + − அடையாளம் ஒத்திருக்க வேண்டும். மாறினால் ரேடியோ எரிந்துபோகலாம்.

எடப்டர் கை வைக்க முடியாதபடி சுட்டால் உடனே சுவிட்சை நிறுத்துங்கள். அதை வீட்டில் கழற்றிப் பார்க்க வேண்டாம். ரேடியோ இன்னொன்று வாங்கலாம், உயிரை வாங்க முடியாது.